அந்த 125 மில்லிகிராம் எதற்கு?

மருந்தும் கிருமியும்: வாசகர் கேள்வி – பதில்

ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தரப்படும் ‘துணை மருந்து’ பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பதில்கள் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவரும் ஒரு மருந்தியலாளரும் சேர்ந்து எழுதியவை.

டாக்டர் ‘அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625’ எழுதித் தந்தார். கடையில் 625 இல்லை. “375 ரெண்டு போட்டுக்குங்க, கொஞ்சம் கூடுதல்தானே” என்றார்கள். போடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

போடக்கூடாது. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், இரண்டு மருந்துகளைக் கூட்டிய தொகை. 625 என்றால் 500 மி.கி. அமாக்ஸிசிலினும் 125 மி.கி. கிளாவுலனிக் அமிலமும் (சீட்டில் ‘கிளாவுலனேட்’ என்று வருவது இதுதான்). 375 என்றால் 250-ம் 125-ம். 1000 என்று வருவதில் 875-ம் அதே 125-ம். அமாக்ஸிசிலின்தான் மாத்திரைக்கு மாத்திரை மாறுகிறது. கிளாவுலனிக் அமிலம் மூன்றிலும் ஒரே அளவு. இரண்டு 375 போட்டால் அமாக்ஸிசிலின் சரியாக 500 கிடைத்துவிடும், கிளாவுலனிக் அமிலமோ 250 ஆகிவிடும். இந்த மருந்தில் வரும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், ஈரல் தொந்தரவுக்கும் அதுதான்.

கிளாவுலனிக் அமிலத்துக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை என்றே சொல்லலாம். அமாக்ஸிசிலினைச் சிதைக்கக் கிருமி சுரக்கும் நொதியை முடக்குவதுதான் அதன் வேலை. அதற்கு வேளைக்கு 125 போதும்.

625 இல்லையென்றால் வேறு கம்பெனியின் 625 வாங்குங்கள், அல்லது டாக்டரையே கேளுங்கள். 625 பொதுவாக 8 மணி நேரத்துக்கு ஒன்று, 1000 என்பது 12 மணி நேரத்துக்கு ஒன்று. ஆகவே 625-க்குப் பதில் 1000 வாங்கி அதே மூன்று வேளை போடுவதும் தவறு. எதுவானாலும் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடுங்கள். கிளாவுலனிக் அமிலம் நன்றாக உறிஞ்சப்படும், வயிறும் அதிகம் புரட்டாது.

‘தடுப்பான் நொதியை அடைத்துவிடும்’ என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் “எப்படி சார் அடைக்கும்?” என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. – மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர், விருதுநகர்

கிருமியின் செல்சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். சர்க்கரைச் சங்கிலிகளுக்கு நடுவே சிறு புரதத் துண்டுகளால் குறுக்குப் பின்னல் போட்டுத்தான் பாக்டீரியா தன் சுவரைக் கட்டுகிறது. அந்தத் துண்டின் நுனியில் டி-அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். பின்னல் போடும் நொதி அந்த நுனியைப் பிடித்து, கடைசி அலனைனைக் கழற்றிவிட்டு, பக்கத்துச் சங்கிலியோடு இணைக்கும். பென்சிலினின் நாலு மூலை வளையம், அதாவது பீட்டா-லாக்டம் வளையம், பார்வைக்கு அந்த இரட்டை அலனைனைப் போலவே இருக்கிறது. நொதி ஏமாந்து அதைப் பிடிக்கிறது. நொதியிலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்ஸிஜன் வளையத்தைத் தாக்க, வளையம் திறந்து, மருந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது லேசில் விடாது. பின்னல் நின்றுபோக, சுவர் பலவீனமாகி, கிருமி வெடித்துச் சாகிறது.

இப்போது எதிர்ப்புக்கு வாருங்கள். மருந்தைச் சிதைக்கக் கிருமி சுரக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியிலும் இதே போன்ற ஒரு செரின் உண்டு. அந்த வகையைச் சேர்ந்த டெம்-1 என்ற நொதியில் அது 70-ஆம் இடத்தில் இருக்கிறது. அதுவும் வளையத்தைத் தாக்குகிறது, மருந்து அதோடும் ஒட்டுகிறது. இதுவரை இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் இந்த நொதியின் 166-ஆம் இடத்தில் ஒரு குளுட்டாமிக் அமிலம் இருக்கிறது. அது பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறை ஏவிவிடுகிறது. அந்தத் தண்ணீர், மருந்துக்கும் செரினுக்கும் இடையிலுள்ள பிணைப்பை வெட்டிவிடுகிறது. வளையம் உடைந்த, உதவாத மருந்து வெளியே விழுகிறது. நொதி அடுத்த மூலக்கூறுக்குத் தயார். ஒரு டெம்-1 நொதி நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின் மூலக்கூறுகளை இப்படி முறித்துப் போடும். இந்த நொதியைப் பற்றி ஆபிரகாமும் செயினும் எழுதியது 1940-ல். பென்சிலின் ஊசி பொதுமக்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே அதை முறிக்கும் நொதி தெரிந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது கிளாவுலனிக் அமிலம். அதிலும் நாலு மூலை வளையம் உண்டு. டெம்-1-இன் செரின் வழக்கம்போல் தாக்குகிறது, வளையம் திறக்கிறது. ஆனால் இதில் பக்கத்திலுள்ள ஐந்து மூலை வளையமும் சேர்ந்து அவிழ்கிறது. அதனால் மூலக்கூறு உருமாறி, தண்ணீர் எளிதில் வெட்ட முடியாத ஒரு பிணைப்பாகிவிடுகிறது. அடுத்து அதன் ஒரு பகுதி 130-ஆம் இடத்து செரினையும் பிடித்துக்கொண்டால் நொதி நிரந்தரமாகப் போயிற்று. இதைத் ‘தற்கொலைத் தடுப்பான்’ என்பார்கள். நொதி தன் வேலையைச் செய்ததாலேயே அழிகிறது.

ஒவ்வொரு முறையும் இது பலிப்பதில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சில மூலக்கூறுகளைத் தண்ணீர் வெட்டிவிடும். ஒரு டெம்-1 நொதியை ஒழிக்கச் சுமார் 160 கிளாவுலனிக் அமில மூலக்கூறுகள் செலவாகின்றன. டாசோபாக்டம் என்ற இன்னொரு தடுப்பானுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். அதே நொதிக்குச் சல்பாக்டம் என்ற தடுப்பான் என்றால் சுமார் 10,000 வேண்டும். ‘தடுப்பான்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் எல்லாம் ஒரே தரமல்ல. கிருமி நொதியை அளவுக்கு மீறிச் சுரந்தால் தடுப்பான் தீர்ந்துபோகும், ஆன்டிபயாடிக் தனியாக மாட்டிக்கொள்ளும்.

புதிய தலைமுறையின் வழி வேறு. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவிபாக்டத்தில் பீட்டா-லாக்டம் வளையமே கிடையாது. அதிலுள்ள யூரியா வளையத்தைச் செரின் தாக்கித் திறக்கும், மருந்து ஒட்டும். பிறகு மெதுவாகக் கழலும்போது உடைந்து போகாமல் மறுபடி வளையமாக மூடிக்கொண்டு முழு மூலக்கூறாகவே வெளிவரும், அடுத்த நொதியில் போய் ஒட்டும். 2017-ல் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்து வந்த வாபோர்பாக்டத்தில் செரினைப் பிடித்துக்கொள்வது போரான் அணு. வெட்டுவதற்கு அங்கே கார்பன் பிணைப்பே இல்லை, தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியாது.

செரினே இல்லாத பீட்டா-லாக்டமேஸும் உண்டு. அதில் இரண்டு துத்தநாக அணுக்கள் தண்ணீரைப் பிடித்து வைத்து நேரடியாக வளையத்தை வெட்டுகின்றன. மேலே சொன்ன எந்தத் தடுப்பானுக்கும் அங்கே பிடிப்பதற்கு இடமில்லை. ஏ, பி, சி, டி என்று நொதிகளை நாலு வகுப்பாகப் பிரிப்பதில் பி வகுப்பு அதுதான். இந்தப் பக்கத்தின் பிற்பகுதிக் கேள்விகள் சில அங்கேதான் போய் முட்டும்.

என் பையனுக்குத் தொண்டை வலி. போன தடவை கிளாவுலனேட் சேர்ந்தது கொடுத்த டாக்டர் இந்தத் தடவை வெறும் அமாக்ஸிசிலின் கொடுத்தார். மட்டமான மருந்தா? – வாசகி, நாமக்கல்

இல்லை. பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ். அது பீட்டா-லாக்டமேஸ் சுரப்பதே இல்லை. முடக்க நொதியே இல்லாத இடத்தில் தடுப்பான் வெறும் வயிற்றுப்போக்கு மருந்து. காது, சைனஸ் தொற்றில் கதை வேறு. அங்கே வரும் மொராக்ஸெல்லா பெரும்பாலும் அந்த நொதியைச் சுரக்கும், ஹீமோஃபிலஸ் சில நேரம் சுரக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றுக்கும் தடுப்பான் உதவாது. அது மருந்தை உடைத்துத் தப்பிப்பதில்லை, மருந்து ஒட்டாதபடி பின்னல் போடும் நொதியையே மாற்றி வைத்திருக்கிறது.

டிரை சிரப்பில் தண்ணீர் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். பத்தாவது நாள் பார்த்தால் பழுப்பாக மாறியிருக்கிறது. மீதி பாதி பாட்டில் இருக்கிறதே, கொடுக்கலாமா? – வாசகர், காரைக்குடி

கொட்டிவிடுங்கள். கிளாவுலனிக் அமிலம் தண்ணீர் பட்டால் சிதையும், சூட்டில் இன்னும் வேகமாக. அதனால்தான் பவுடராக விற்கிறார்கள். இங்கே கிடைக்கும் பெரும்பாலான பாட்டில்களில் கலந்தபின் 7 நாள் என்று போட்டிருக்கும். இரண்டு மருந்தில் முதலில் கெடுவது தடுப்பான்தான். நீங்கள் 10-ஆம் நாள் கொடுப்பது பெயருக்குக் கூட்டு மருந்து, உள்ளே பெரும்பாலும் வெறும் அமாக்ஸிசிலின். நொதி சுரக்கும் கிருமி அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். “மருந்து கொடுத்தும் கேட்கவில்லை” என்று டாக்டரிடம் போவீர்கள், அவர் அடுத்த படி மருந்துக்குப் போவார்.

கலக்கும் முறை: முதலில் பாட்டிலைத் தட்டி அடியில் இறுகிய பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரை, பாட்டிலில் குறித்த கோட்டில் முக்கால் பங்கு வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். பிறகு கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். நுரையைப் பார்த்துக் கோடு வந்துவிட்டது என்று நிறுத்தினால் மருந்து கெட்டியாகி, ஒவ்வொரு வேளையும் அளவு கூடிவிடும். சூடான தண்ணீர் கூடவே கூடாது. பாட்டிலோடு தண்ணீர்க் குப்பி வந்தால் அதையே முழுதாக ஊற்றுங்கள். கலந்த தேதியை லேபிளில் எழுதுங்கள்.

ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டு வேண்டாம், அடிக்கடி திறப்பதால் சூடேறும். நடுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். வீட்டு ஸ்பூன் அளவுக்கு உதவாது, கூட வரும் மூடியோ சிரிஞ்சோ போதும். 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்று இருந்தால் 200 அமாக்ஸிசிலின், 28.5 கிளாவுலனிக் அமிலம். 457 என்றால் அதில் இரட்டை. பாட்டில் மாறினால் மி.லி. அளவும் மாற வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

மாத்திரைக்கும் ஈரம் ஆகாது. அட்டையைச் சுற்றியுள்ள உறையில் சின்ன சிலிக்கா பொட்டலம் கிடப்பது அதற்காக. ஒரு வாரத்து மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் இதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

இஎஸ்பிஎல் உறுதிசெய்ய இரட்டைத் தட்டுப் பரிசோதனை போடுகிறேன். செஃப்ட்ரியாக்ஸோனுக்கு எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் சாவித்துவாரம் போன்ற வளைவு தெரிவதில்லை. எங்கே தப்பு? – ஆய்வகத் தொழில்நுட்பர், மதுரை

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி. இஎஸ்பிஎல் என்பது செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ். கிருமியைப் பரப்பிய தட்டின் நடுவில் கிளாவுலனேட் உள்ள டிஸ்க்கும் (மருந்து தோய்த்த காகித வில்லை) இருபுறமும் செஃபலோஸ்போரின் டிஸ்க்கும் வைத்தால், கிளாவுலனேட் பரவிய பக்கம் மட்டும் கிருமி வளராமல் வளையம் நீண்டு தெரியும். தடுப்பான் நொதியை முடக்குவதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது.

இப்போது உங்களுக்கு. முதலில் இடைவெளியைப் பாருங்கள். டிஸ்க்கின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 20 மி.மீ. எதிர்ப்பு மிகவும் பலமாக இருந்து செஃபலோஸ்போரின் டிஸ்க்கைச் சுற்றி வளையமே இல்லையென்றால் 15-க்குக் குறையுங்கள். வளையங்கள் பெரிதாக இருந்து ஒன்றோடொன்று கலந்தால் 30 வரை தள்ளுங்கள். பலர் ஒரு தடவை 20-இல் வைத்து ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது டிஸ்க்கின் நிலை. கிளாவுலனேட் டிஸ்க் கெடுவது மற்றவற்றைவிட வேகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் ஈரம் படிந்து, தடுப்பான் அங்கேயே போயிற்று. டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்பதை நேர்மறைக் கட்டுப்பாடான கிளெப்சியெல்லா ஏடிசிசி 700603 சொல்லிவிடும். அதிலும் வளைவு வரவில்லையென்றால் நோயாளியின் கிருமியைக் குறைசொல்ல வேண்டாம்.

கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபர்லண்டுக்கு (கலங்கல் அளவு) மேல் அடர்த்தியானால் நொதி மிகுந்து தடுப்பானைத் தீர்த்துவிடும். கண்ணளவில் சரிபார்ப்பதைவிட அளவீட்டுக் கருவியில் பாருங்கள். முல்லர்-ஹின்டன் அகர் 4 மி.மீ. கனம், 35 டிகிரி, 16 முதல் 18 மணி நேரம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வளைவு இல்லையென்றால் ஆம்ப்-சி நொதியைச் சந்தேகப்படுங்கள். சி வகுப்பைச் சேர்ந்த அதைக் கிளாவுலனிக் அமிலம் முடக்காது. என்டரோபாக்டர் போன்ற கிருமிகளில் அது ஆம்ப்-சியை இன்னும் அதிகமாகச் சுரக்கவே தூண்டும். உள்ளே இஎஸ்பிஎல் இருந்தாலும் ஆம்ப்-சி அதை மறைத்துவிடும். வழி இரண்டு. ஒன்று, ஆம்ப்-சியால் அதிகம் உடைக்க முடியாத செஃபெபிம் டிஸ்க்கைச் சேர்த்து வையுங்கள், வளைவு அந்தப் பக்கம் தெரியும். இரண்டு, அகரில் மி.லி.க்கு 200 முதல் 250 மைக்ரோகிராம் கிளாக்ஸசிலின் சேர்த்துப் போடுங்கள். அது ஆம்ப்-சியை அடக்கிவிடும்.

எண்ணில் முடிவு வேண்டுமென்றால் செஃப்டாசிடிம் 30 மைக்ரோகிராம் டிஸ்க்கையும், 30/10 செஃப்டாசிடிம்-கிளாவுலனேட் டிஸ்க்கையும் தனித்தனியே வைத்து விட்டத்தை அளங்கள். செஃபோடாக்ஸிமிலும் இதே ஜோடியைச் செய்யுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்றில் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால் இஎஸ்பிஎல் உறுதி.

மெரோபெனத்துக்கும் எதிர்ப்பு என்றால் இந்தப் பரிசோதனை போதாது. 2 மி.லி. டிரிப்டிக் சோய் குழம்பில் 1 மைக்ரோலிட்டர் கம்பி வளையம் அளவு கிருமியைக் கலக்குங்கள் (சூடோமோனாஸ் என்றால் 10 மைக்ரோலிட்டர்). 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க்கை அதில் மூழ்கவைத்து 35 டிகிரியில் 4 மணி நேரம் விடுங்கள். பிறகு கம்பி வளையத்தால் டிஸ்க்கை எடுத்து, குழாயின் சுவரில் அழுத்தி அதிகப்படி நீரை வடித்து, ஈ.கோலை ஏடிசிசி 25922 பரப்பிய தட்டில் வையுங்கள். மறுநாள் கிருமி வளராத வளையம் 6 முதல் 15 மி.மீ. என்றால் டிஸ்க்கிலிருந்த மருந்தைக் கிருமி தின்றுவிட்டது, கார்பபெனமேஸ் (மெரோபெனம் போன்றவற்றை உடைக்கும் நொதி) உண்டு. 19-ம் அதற்கு மேலும் என்றால் இல்லை. இன்னொரு குழாயில் 0.5 மோலார் இடிடிஏ 20 மைக்ரோலிட்டர் சேர்த்து அதையே செய்யுங்கள். இடிடிஏ துத்தநாகத்தைக் கவர்ந்துவிடும். வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் அது துத்தநாக நொதி. வடிக்காமல் சொட்டச் சொட்ட டிஸ்க்கை வைப்பது, வடிகட்டும்போது டிஸ்க்கைக் கிழிப்பது, இரண்டு குழாயின் டிஸ்க்கையும் மாற்றி வைப்பது: தவறான முடிவுக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

சோதனைச்சாலையில் இடிடிஏ அப்படி வேலை செய்கிறதென்றால் அதையே மருந்தாகக் கொடுக்கலாமே? – எம்.எஸ்ஸி. மாணவி, திருச்சி

அது துத்தநாகத்தோடு நிற்காது. இரத்தத்திலுள்ள கால்சியத்தையும் பிடித்துவிடும். நம் உடம்பிலும் துத்தநாகத்தை நம்பி இயங்கும் நொதிகள் ஏராளம். கிருமியின் துத்தநாகத்தை மட்டும் பிடி என்று அதற்குச் சொல்ல முடியாது. துத்தநாக நொதி வகுப்புக்குத் தடுப்பான் தாமதமானதற்கு இதுதான் பெரிய காரணம். போரான் குடும்பத்தைச் சேர்ந்த டானிபோர்பாக்டம், செரின் நொதியையும் என்டிஎம், விஐஎம் வகைத் துத்தநாக நொதியையும் பிடிக்கிறது. செஃபெபிமோடு சேர்த்த அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு 2024-ல் வந்தது. ஆனால் ஐஎம்பி என்ற இன்னொரு துத்தநாக நொதி அதற்கும் மசிவதில்லை.

அம்மாவுக்கு இரத்தத்தில் ஈ.கோலை. ரிப்போர்ட்டில் பைப்பராசிலின்-டாசோபாக்டம் ‘எஸ்’ என்றிருக்கிறது. ஆனாலும் டாக்டர் மெரோபெனம்தான் போடுகிறார். விலை அதிகம், ‘கடைசி மருந்து’ என்கிறார்கள். தேவையா? – வாசகர், ஈரோடு

‘எஸ்’ என்றால் அந்த மருந்து கேட்கும், ‘ஆர்’ என்றால் எதிர்ப்பு. அதே ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்ஸோன் வரியைப் பாருங்கள். ‘ஆர்’ என்றிருந்தால் டாக்டர் செய்வது சரி. 2018-ல் வெளியான மெரினோ என்ற பரிசோதனை, செஃப்ட்ரியாக்ஸோனுக்கு எதிர்ப்புள்ள ஈ.கோலை, கிளெப்சியெல்லா இரத்தத் தொற்றில் இந்த இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் பைப்பராசிலின்-டாசோபாக்டம் பிரிவில் 12.3 சதவீதம், மெரோபெனம் பிரிவில் 3.7 சதவீதம். அதில் சேர்ந்தவர்களின் கிருமிகளும் ரிப்போர்ட்டில் ‘எஸ்’தான். பின்னால் மறுபரிசீலனையில் இடைவெளி சற்றுக் குறைந்தது, ஆனாலும் இரத்தத் தொற்றில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பதே இப்போதைய நடைமுறை.

‘எஸ்’ ஏன் ஏமாற்றுகிறது? ஆய்வகத்தில் நீர்த்த கரைசல், உடம்பில் கிருமிக் கூட்டம். கூட்டம் கூடினால் நொதி கூடும், டாசோபாக்டம் ஈடுகொடுக்காது. அதோடு இஎஸ்பிஎல் சுரக்கும் ஈ.கோலை பலவற்றில் ஆக்சா-1 என்ற இரண்டாவது நொதியும் ஒளிந்திருக்கும். அதன்மேல் டாசோபாக்டத்தின் பிடி தளர்வானது. சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றில் மருந்து சிறுநீரில் பன்மடங்கு அடர்த்தியாகச் சேர்வதால் கணக்கு மாறும்.

அப்பா ஐசியுவில். ‘என்டிஎம்’ என்றார்கள். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஒரு பக்கம், அஸ்ட்ரியோனம் ஒரு பக்கம் என்று இரண்டு ஊசி. இரண்டில் ஒன்று போதாதா? – வாசகர், கோயம்புத்தூர்

போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மருந்து. என்டிஎம் துத்தநாக நொதி, பென்சிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் எல்லாவற்றையும் உடைக்கும். ஆனால் அஸ்ட்ரியோனத்தை அதால் உடைக்க முடியாது. பிறகு அஸ்ட்ரியோனம் மட்டும் போட்டால் என்ன? அதே கிருமிக்குள் இஎஸ்பிஎல்லும் ஆம்ப்-சியும் இருக்கும், அவை அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். அவற்றை முடக்கத்தான் அவிபாக்டம். செஃப்டாசிடிம் இங்கே சும்மா கூட வருகிறது. அவிபாக்டம் தனியாகக் கிடைக்காததால் அதைச் சுமந்துவரும் குப்பி அது. அஸ்ட்ரியோனமும் அவிபாக்டமும் ஒரே குப்பியில் சேர்ந்த மருந்து ஐரோப்பாவில் 2024-லும் அமெரிக்காவில் 2025-லும் அனுமதி பெற்றது.

ஆகவே நேரம் முக்கியம். சிறுநீரகம் சரியாக உள்ள பெரியவர்களுக்குச் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம், 8 மணிக்கொரு முறை, 2 மணி நேரம் ஓடும். அஸ்ட்ரியோனம் அதே நேரத்தில் ஓட வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் அவிபாக்டம் இல்லாத வேளையில் அஸ்ட்ரியோனம் உடைபடும். சிறுநீரகம் பலவீனமானால் இரண்டுக்குமே அளவு குறையும். தினசரி கிரியேட்டினின் பார்ப்பது அதற்குத்தான்.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்கலாம்: கிருமி ஈ.கோலையா, கிளெப்சியெல்லாவா? இந்தியாவில் கிடைக்கும் என்டிஎம் ஈ.கோலை பலவற்றில், அஸ்ட்ரியோனம் போய் ஒட்ட வேண்டிய பின்னல் நொதியிலேயே நாலு அமினோ அமிலம் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கிறது. அங்கே இந்த ஜோடியின் பலன் குறையும். ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்துச் சோதித்தார்களா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

என்டிஎம் நொதி 2008-ல், புதுடெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் சென்ற ஒரு நோயாளியிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது. என்டிஎம் என்பதில் ‘என்டி’ நியூ டெல்லியைக் குறிக்கும். பெயரில் ‘டெல்லி’ வந்தது பெரிய சர்ச்சையானது. 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில் என்டிஎம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 பதிவாயின. ஆக நமக்கு இது புதுச் சரக்கு இல்லை. 2012-ல் சென்னையில் மருத்துவ அமைப்புகள் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டதன் பின்னணியும் இதுதான்.

சென்னையில் கண்டுபிடித்த தடுப்பானுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது என்று படித்தேன். என்டிஎம்முக்குக் கேட்குமா? – வாசகர், ஆவடி

நீங்கள் படித்தது என்மெட்டாசோபாக்டம். சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் உருவானது, செஃபெபிமோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. டாசோபாக்டத்தின் டிரையசோல் வளையத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டினார்கள், மாற்றம் அவ்வளவுதான். அதனால் மூலக்கூறில் ஒரு நேர் மின்னூட்டமும் ஒரு எதிர் மின்னூட்டமும் சேர்ந்து, ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வுக்குள் நுழைவது எளிதாகிறது. சிக்கலான சிறுநீர்த் தொற்றில் நடந்த அல்லியம் பரிசோதனையில் 79.1 சதவீதத்தினருக்குக் குணம், பைப்பராசிலின்-டாசோபாக்டத்தில் 58.9.

என்டிஎம்முக்குக் கேட்காது. இது செரின் நொதிக்கான தடுப்பான், முக்கியமாக இஎஸ்பிஎல்லுக்கு. எங்கள் பார்வையில் இதன் மதிப்பு மெரோபெனத்தை மிச்சம் பிடிப்பதில் இருக்கிறது. என்டிஎம் இருக்கும் வார்டில் இதைப் போட்டுப் பார்ப்பது காசையும் நேரத்தையும் வீணாக்குவது.

செஃபிக்சைம்-கிளாவுலனேட், செஃப்ட்ரியாக்ஸோன்-டாசோபாக்டம் என்று பல ஜோடிகள் வருகின்றன. எல்லாம் ஒன்றுதானா? – மருந்தாளுநர், திருவண்ணாமலை

ஒன்றல்ல. ஜோடிப் பொருத்தத்தை இரத்தத்தில் பாருங்கள். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் இரண்டுமே ஒரு மணி நேரத்தில் பாதியாகும். பைப்பராசிலின்-டாசோபாக்டமும் அப்படியே. செஃப்டாசிடிமும் அவிபாக்டமும் ஏறக்குறைய சமம். செஃப்ட்ரியாக்ஸோன் பாதியாகச் சுமார் 8 மணி நேரம் ஆகும், கூடவரும் டாசோபாக்டமோ சல்பாக்டமோ ஒரு மணி நேரத்தில் பாதியாகி, சில மணி நேரத்தில் காலி. நாளைக்கு ஒரு தடவை போட்டால் மீதி நேரமெல்லாம் செஃப்ட்ரியாக்ஸோன் துணையில்லாமல் நொதியிடம் மாட்டும். செஃபிக்சைமும் 3, 4 மணி நேரம் தங்கும் மருந்து. இந்த ஜோடிகளைக் கடுமையான இஎஸ்பிஎல் தொற்றுக்கு நம்பும் அளவுக்கு நல்ல பரிசோதனைகள் இல்லை. நொதி இல்லாத கிருமிக்கு வெறும் செஃப்ட்ரியாக்ஸோனே போதும். நடுவில் இந்த ஜோடிக்கு இடம் எங்கே என்று எங்களுக்கு விளங்கவில்லை.

சல்பாக்டத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அசினெட்டோபாக்டர் கிருமியின் பின்னல் நொதியில் சல்பாக்டமே நேரடியாக ஒட்டிக் கொல்லும். அங்கே அது துணை அல்ல, அதுவே மருந்து. 2023-ல் அமெரிக்காவில் வந்த சல்பாக்டம்-டர்லோபாக்டம் ஜோடியில் சல்பாக்டத்தைக் காப்பாற்றத் துணைக்கு வருவது டர்லோபாக்டம்.

கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரை முடித்து மூன்று வாரம் கழித்து என் கணவருக்குக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா, நிறுத்தித்தான் நாளாயிற்றே? – வாசகி, தூத்துக்குடி

இருக்கலாம். கிளாவுலனிக் அமிலத்தால் வரும் ஈரல் பாதிப்பு, மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் தலைகாட்டும். பித்தம் தேங்கும் வகை, அதனால்தான் அரிப்பு. வயதான ஆண்களிடமும் நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடமும் அதிகம். உடனே டாக்டரிடம் போய்ப் பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். நாட்டு மருந்து, கீழாநெல்லி என்று வீட்டில் நாளைக் கடத்த வேண்டாம். ஈரல் சோதனையோடு ஹெபடைடிஸ் சோதனைகளும் ஸ்கேனும் எடுத்து மற்ற காரணங்களை விலக்க வேண்டும். பெரும்பாலும் தானே சரியாகும், வாரக்கணக்கில் ஆகும். மருந்துதான் காரணம் என்று உறுதியானால் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஆகாது என்று அவருடைய மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கம்பெனிப் பெயரை எழுதினால் போதாது, வேறு பெயரில் அதே மருந்தை யாராவது எழுதித் தந்துவிடுவார்கள். வெறும் அமாக்ஸிசிலின் கொடுக்கலாமா என்பதை அவருடைய ஈரல் மருத்துவர் சொல்லட்டும்.